கடல் கடந்த கல்வியுறவு: பண்டைக் கொரியரும் தொலைநாட்டாரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பண்டைக் காலத்துக் கொரிய நாட்டார் தொலைவிலுள்ள ஆசிய மக்களோடு கொண்டிருந்த தொடர்பு என்பதாகும். நம் குலத்தாரின் கல்வியையும் நலத்தையும் நாடிக் கூடிய இவ்வவையிலே கொரிய நாட்டின் பழங்கதை எதற்கு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முறையானதே. ஆயினும் நம் இளைஞர் பலர் அந்நாட்டைக் குறித்து மிக்க ஆர்வத்தோடு பேசுகின்றனர். கொரியரும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றனர் என்றும், தமிழ்நாட்டு அரசகுமாரி ஒருத்தி கடல் கடந்து சென்று அந்நாட்டுக்கு அரசியானாள் என்றும், ஆதலின் அவர்கள் நம் இரத்தவுறவினரே என்றும் சொல்லி அவர்கள் களிப்பதை வகுப்பறையிலும் கேட்கின்றேன், இம்மன்றத்திலும் கேட்கின்றேன்.

அயலாரை உறவினராகக் கருதுவது நல்ல குணமே. அதனை யான் மறுக்க வரவில்லை. ஆனால் உறவு கொண்டாடுவதற்குக் காட்டும் காரணம் உண்மையானதாயிருத்தல் வேண்டும். உறுதியற்ற காரணத்தின்மேல் கட்டிய பெருமை, ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து வினவியவுடன் இடிந்து விழும். அதனோடு உண்மையான பெருமையும் சேர்ந்து விழுந்துவிடும். ஆகவே எது கதை, எது சான்றுடையது, அதனால் நாம் அறியத்தக்கது யாது என்னும் மூன்றனையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது, அந்நாட்டின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். கொரியா என்பது ஆசியப் பெருநிலத்தின் கீழைக்கோடியில் கடலுள் நீண்டு கிடக்கும் தீபகற்பம். பண்டைக்காலத்தில் வடக்கே கோகுர்யோ, தென்மேற்கே பெக்சே, தென்கிழக்கே சில்லா என மூன்று அரசுகள் அங்கு விளங்கின. நக்தோங் ஆற்றங்கரையில் காயா என்னும் சிற்றரசுகள் இருந்தன, அவை கி.பி. 562-க்குள் சில்லாவோடு இணைந்தன. சில்லா அரசு சீனத்துத் தாங் பேரரசின் துணையோடு 660-இல் பெக்சேயையும் 668-இல் கோகுர்யோவையும் வீழ்த்தியது. பின்னர் 918 முதல் 1392 வரை கொர்யோ அரசு நிலவியது. கொரியா என்று நாம் வழங்கும் பெயர் அக்கொர்யோ என்பதினின்றே பிறந்தது.

இனி, அரசியின் கதையைப் பார்ப்போம். கி.பி. 48-இல் 'அயுத்த' நாட்டு அரசகுமாரி ஒருத்தி பதினாறு வயதினளாய்ச் செந்நிறப் பாய் கட்டிய மரக்கலத்தில் வந்து, காயா நாட்டு மன்னன் சூரோ என்பவனை மணந்தாள் என்பது கதை. ஹோ ஹ்வாங்-ஓக் என்பது அவள் பெயர். இக்கதை 'சம்குக் யூசா' என்னும் நூலிற் காணப்படுகின்றது. அதனைத் தொகுத்தவர் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி. அவர் வாழ்ந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டு. நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் இந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்திருநூறு ஆண்டுகள் உள்ளன. பழைய ஏடொன்றைப் பார்த்தே எழுதியதாக இர்யோன் கூறுகின்றார். அவ்வேடும் பதினோராம் நூற்றாண்டினதே.

அயுத்தம் என்பதை அயோத்தி என்று கொண்டு, 2001-இல் அயோத்தி நகரில் அவ்வரசிக்கு ஒரு நினைவுச்சின்னம் அமைத்தனர். நம் நாட்டிலோ அச்சொல்லைப் பாண்டிய நாட்டோடும் குமரி முனையோடும் பொருத்துவார் உளர். சூரோ மன்னனின் கல்லறை வாயிலில் தீட்டப்பெற்ற இரட்டை மீன் உருவத்தை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அவ்வாயிலோ மிகப் பிற்காலத்துக் கட்டடம். இரட்டை மீன் பௌத்தர் வழங்கும் எட்டு மங்கலங்களுள் ஒன்றுமாகும். ஆகவே அதனைக் கொண்டு பாண்டியர் கொடியைக் காண்பது பொருந்தாது. கிம்ஹே ஊரைப் பிறப்பிடமாகக் கூறிக்கொள்ளும் பல இலட்சம் கொரியர் அவ்வரசியைத் தம் முதுதாயாகப் போற்றுகின்றனர். அவர்தம் அன்பை நாம் மதிப்போம். ஆயின் ஒரு குலத்தாரின் மரபுக்கதை வேறு; வரலாற்றுச் சான்று வேறு.

அடுத்தது மொழி. ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இல் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் ஒன்று எழுதி வெளியிட்டார். வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்றலும், வேற்றுமையுருபு பெயரின் பின்னே ஒட்டி நிற்றலும் இரண்டிடத்தும் ஒத்திருத்தலை அவர் கண்டார். அவை மெய்யே. ஆனால் அவ்வியல்புகள் சப்பானிய மொழியிலும் மங்கோலிய மொழியிலும் துருக்கி மொழியிலும் உள்ளன. இரண்டு மொழிகள் ஒரு தாய் வயிற்றினவென்று நிறுவ வேண்டுமாயின், ஒன்றன் ஒலி மற்றொன்றில் இன்ன இடத்தில் இன்ன ஒலியாக மாறும் என்னும் ஒழுங்கினை அடிப்படைச் சொற்கள் பலவற்றிற் காட்டல் வேண்டும். எல்லிசர் 1816-இலும் கால்டுவெல் 1856-இலும் தென்மொழிகளின் உறவை ஒப்பிட்டு நிறுவியதனாலேயே அதனை உலகம் ஏற்றது. கொரிய மொழிக்கு அவ்வாறு எவரும் நிறுவவில்லை.

'அப்பா' என்னும் சொல்லின் ஒற்றுமைக்குக் காரணம் குழந்தையின் வாயிலேயே உள்ளது. இரண்டு உதடுகளும் பொருந்தப் பிறக்கும் பகர மகர ஒலிகள் மழலைக்கு எளியவை. ஆதலின் உலகெங்கும் பெற்றோரைக் குறிக்கும் சொற்களில் அவ்வொலிகள் வருகின்றன. சீனரும் 'பாபா', 'மாமா' என்பர். காக்கேசிய மலைநாட்டுச் சியார்சிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை என்பது பொருள். இதனைக் கொண்டு சியார்சியரை நம் மாமன்மார் எனக் கொள்ளுதல் தகுமா?

இவ்வளவும் கேட்டு, "ஐயா, உள்ளதையும் பறித்துவிட்டீரே!" என்று இளைஞர் வருந்த வேண்டா. பறித்தது பதர், நெல் இனித்தான் இருக்கின்றது.

சில்லாவின் தலைநகராயிருந்த கியோங்ஜு நகரில் மலைகள் போன்ற மண்மேட்டுக் கல்லறைகள் உள. அவற்றுள் மிகப் பெரியதாகிய ஹ்வாங்நாம் பெருங்கல்லறையை 1973 முதல் 1975 வரை அகழ்ந்தனர். அங்குப் பறவைத்தலை போன்ற வாயுடைய கண்ணாடிக் கூசா ஒன்று கிடைத்தது. அது ஐந்தாம் நூற்றாண்டளவிற் புதைக்கப்பட்டது. அதன் வனப்பும் செய்முறையும் மத்தியதரைக் கடற்பகுதிக்கு உரியவை. அதன் கைப்பிடி பண்டே உடைந்திருக்கின்றது. உடைந்த இடத்தைப் பொற்கம்பியாற் சுற்றிக் கட்டியுள்ளனர். பொன் மிகுந்த அந்நாட்டிலே, தொலைவிலிருந்து வந்த கண்ணாடி பொன்னினும் அரியதாய் இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ! அதே நகரில் 1973-இற் கிடைத்த மணிகள் பதித்த பொன்னுறைக் குறுவாள் ஒன்று, நடு ஆசியாவிற் கசக்கஸ்தான் நாட்டில் எடுத்த ஒரு வாளோடு ஒத்துள்ளது.

சிறு கண்ணாடி மணிகளும் அந்நாட்டுப் பழைய கல்லறைகளில் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. சிவப்பு, மஞ்சள், நீலம் முதலிய நிறங்களில், கண்ணாடிக் குழலை நீட்டி அறுத்துச் செய்த மணிகள் அவை. இந்தியப் பெருங்கடல் முதற் பசிபிக்குப் பெருங்கடல் வரை பரவிய இவ்வகை மணியைச் செய்த மிகப் பழைய களங்களுள் ஒன்று புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. பின்னர்த் தென்கிழக்காசியத் துறைமுகங்களிலும் அத்தொழில் வளர்ந்தது. கொரியக் கல்லறையில் உள்ள ஒவ்வொரு மணியும் நம் கரையிலிருந்து போயிற்று என்று சொல்ல இயலாது. அத்தொழில் முறையின் வேர் நம் கரையிலும் இருந்தது என்று சொல்லலாம். அளவறிந்து சொன்னால் அச்செய்தி நிற்கும்.

பொருள் மட்டுமன்றி ஆட்களும் வழி நடந்தனர். உஸ்பெகிஸ்தான் நாட்டுச் சமர்க்கந்து நகரை அடுத்த அப்ராசியாப் மேட்டில் 1965-இல் ஓர் அரண்மனைக் கூடத்தின் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. ஏழாம் நூற்றாண்டில் அங்கு ஆண்ட வார்க்குமான் என்னும் மன்னனிடம் பல நாட்டுத் தூதர் வந்து நிற்கும் காட்சி அது. அவர்களுள் இருவர் இறகு செருகிய தொப்பியணிந்து, வளையப் பிடியுடைய வாள் தரித்துள்ளனர். அவ்வுடை கொரியர்க்கே உரியது. அவர்கள் கோகுர்யோ நாட்டார் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இனிச் சமயமும் கல்வியும் சென்ற வழியைக் காண்போம். பௌத்தம் 372-இற் கோகுர்யோவிற் புகுந்தது. 384-இல் பெக்சே நாட்டிற்கு அதனைக் கொணர்ந்தவர் சீனம் வழியாக வந்த மாராநந்தர் என்னும் மேனாட்டுத் துறவி. சில்லா அரசு 527-ஆம் ஆண்டையொட்டி அதனை ஏற்றது. ஏற்ற பின்னர், நூல்களைச் சீன மொழிபெயர்ப்பில் மட்டும் கற்று அமைதியுறாமல், மூலநூல் பிறந்த நாட்டையே காண வேண்டும் என்று கொரிய மாணவர் புறப்பட்டனர்.

அவர்களைப் பற்றி நாம் அறிவது இத்சிங் என்னும் சீன யாத்திரிகரால். அவர் 671-இற் கடல் வழியாகப் புறப்பட்டு 695-இல் தம் நாடு மீண்டவர். இந்தியாவிற்கு அறம் நாடிச் சென்ற துறவியர் ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோரின் வரலாற்றை அவர் எழுதி வைத்தார். அவர்களுட் கொரியர் பலர். ஆரியவர்மர் என்னும் பெயர் பூண்ட சில்லா நாட்டார் நாலந்தாவிற் கற்று, எழுபது வயதைக் கடந்து, தாயகம் திரும்பும் ஆசை நிறைவேறாமலே அங்கு மறைந்தார். கோகுர்யோ நாட்டு ஹியோன்யூ என்பவர் இலங்கையில் துறவு பூண்டு அங்கேயே தங்கிவிட்டார். சில்லா நாட்டார் இருவர் தென்கடலில் மரக்கலம் ஏறிச் சுமத்திராவின் மேலைப்பகுதியில் நோயுற்று இறந்தனர். அவ்விருவரின் பெயர்களும் இத்சிங்குக்குக் கிடைக்கவில்லை; ஆயினும் அவர்களை அவர் விட்டுவிடவில்லை. பெயரில்லாமலே அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி எழுதினார்.

அவர் கூறும் வரலாறுகளுள் ஒன்று என் நெஞ்சை விட்டு நீங்காதது. நாலந்தா மடத்து நூலகத்தில் இத்சிங் சீன ஏடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓர் ஏட்டின் கீழே, இன்ன மரத்தடியில் அமர்ந்து சில்லாத் துறவி ஹேயோப் எழுதியது என்னும் குறிப்பு அவர் கண்ணிற் பட்டது. மடத்தாரை வினவினார். அவர் அறுபது வயதளவில் அங்கேயே இறந்தார் என்றும், அவர் படியெடுத்த வடமொழி ஏடுகள் மடத்திலேயே உள்ளன என்றும் விடை வந்தது. பல்லாயிரங் கல் நடந்து வந்து, வேற்று மொழியைக் கற்று, மரநிழலில் ஏடெழுதி, அயல்மண்ணில் மறைந்த ஒருவர்க்கு எஞ்சியது அவ்வொரு வரியே. ஏடு படியெடுத்தவர் தம் பெயரை ஈற்றில் எழுதும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. அதனை வீண்வழக்கென்று இகழாதீர்கள். ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் அவ்வரியில் தங்கியிருக்கக்கூடும்.

இந்தியர் கொரியாவை எவ்வாறு அழைத்தனர் என்பதனையும் இத்சிங் குறிக்கின்றார். 'குக்குடேசுவரம்' என்பது அப்பெயர். குக்குடம் என்பது கோழி. அந்நாட்டார் சேவலைத் தெய்வமாக மதித்து, இறகினைத் தலையில் அணிவர் என்று இந்தியர் எண்ணினராம். சில்லா நாட்டுக்குக் 'கோழிக்காடு' எனப் பொருள்படும் கியேரிம் என்னும் பழம்பெயர் உண்டு. சமர்க்கந்து ஓவியத்தில் இறகணிந்த தொப்பி உண்டு. ஆகவே இந்தியர் கேட்ட செய்தி முழுதும் கற்பனையன்று.

இத்துறவியருள் தலைசிறந்தவர் ஹேச்சோ. சில்லாவிற் பிறந்த அவர் இளமையிலேயே சீனம் சென்று, இருபது வயதளவிற் கடல் வழியே இந்தியா வந்தார். குசிநகரம், காசி, புத்தகயை முதலிய தலங்களைக் கண்டு, தெற்கும் மேற்கும் வடக்கும் சுற்றி, காசுமீரம், காந்தாரம், பாமியான் வழியாகப் பாமீர் மலைகளைக் கடந்து, 727-ஆம் ஆண்டின் இறுதியிற் கூச்சா நகரை அடைந்தார். தாம் கண்டதையும் கேட்டதையும் 'ஐந்து இந்திய நாடுகளுக்குச் சென்ற வரலாறு' என்னும் பெயரால் எழுதினார்.

அவர் கண்ட செய்திகள் எளியன, ஆனால் உயிருள்ளன. இந்தியாவில் விலங்கும் தடியடியும் சிறையும் இல்லை, குற்றத்திற்கேற்பப் பொருள் தண்டமே விதிப்பர் என்கின்றார். மக்கள் அரிசிச் சோறும் மாவும் நெய்யும் பாலும் தயிரும் உண்பர். உப்பு உண்டு, தம் நாட்டுப் புளித்த அவரைக் குழம்பு இல்லை. மட்பானையிலே சமைப்பர், இரும்புப் பானை இல்லை என்கின்றார். தென்னாட்டு மன்னனுக்கு எண்ணூறு யானைகள் உண்டு என்றும், அந்நாடு மிக வெப்பமானது என்றும், பருத்தித் துணியும் எருமையும் உள, ஒட்டகமும் கழுதையும் இல்லை என்றும் குறிக்கின்றார். அவர் கண்ட தென்னாடு தக்கணத்துச் சளுக்கியர் நாடு என்பதே அறிஞர் கொள்கை. தமிழகம் வரை அவர் வந்தார் என்று சொல்லச் சான்றில்லை. ஆகவே யான் சொல்லேன். அத்தென்னாட்டு வழியில் ஓர் இரவு நிலவைக் கண்டு தம் தாயகத்தை நினைந்து அவர் பாடிய பாடல் ஒன்று அந்நூலில் உள்ளது. வடநாட்டில், ஊர் திரும்பும் வேளையில் இறந்த சீனத் துறவி ஒருவரைக் கேள்வியுற்றுப் பாடிய இரங்கற்பாவும் உள்ளது.

பாரசீக வணிகரைக் குறித்து அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் மேலைக்கடலினின்று தென்கடலுக்கு வந்து, இலங்கையில் மணிகளையும், தென்கிழக்குத் தீவுகளிற் பொன்னையும், சீனத்துக் குவாங்சௌ துறைமுகத்திற் பட்டையும் கொள்வர் என்கின்றார். ஆசியக் கடல் வாணிபம் முழுவதையும் ஒரு கொரிய மாணவர் சில வரிகளில் அடக்கிவிட்டார்! அராபியரைப் பற்றி எழுதுமிடத்து, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் அவர்கள் ஒரே தட்டிலிருந்து உண்பர் என்றும் குறிக்கின்றார். அதனை அவர் இகழ்ந்தும் எழுதவில்லை, புகழ்ந்தும் எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் இல்லை.

ஏன் விடவில்லை என்பதற்குக் காரணம் அவர் பிறந்த நாட்டிலேயே உண்டு. சில்லாவிற் 'கோல்பும்' என்னும் எலும்பு வரிசை நிலவியது. இன்ன குடியிற் பிறந்தான் இன்ன பதவி வரையே ஏறலாம், இவ்வளவு பெரிய வீடே கட்டலாம், இன்ன துணியே உடுக்கலாம் என்று சட்டம் வகுத்திருந்தனர். 834-இல் ஹுங்தோக் மன்னன் விதித்த ஆணையில், சந்தனமும் அகிலும் ஆமையோடும் பிறநாட்டுக் கம்பளமும் இன்னின்ன வரிசையார் பயன்படுத்தலாகாது என்று பட்டியலிட்டுள்ளான். கடல் கடந்து வந்த பொருளுக்கும் குலத்தின் வேலி! சோல் கெதூ என்னும் வீரர், திறமையிருந்தும் பிறப்பின் வரிசையால் உயர வழியில்லை என்று மனம் நொந்து 621-இற் கப்பலேறிச் சீனம் சென்றார். 645-இல் தாங் மன்னன் படையிற் போரிட்டு உயிர் நீத்தார். அவர் இறந்த பின் அப்பேரரசன் தன் மேலாடையை எடுத்து அவர் உடல் மேல் போர்த்தினான் என்று கொரிய வரலாறு கூறும். தாய்நாடு தராத ஆடை அது. பிறப்பை அளவுகோலாகக் கொண்ட நாடு தன் மக்களை இவ்வாறு இழந்தது. குலத்தின் பெயராற் கூடியுள்ள நாம் இதனை நினைவில் வைத்தல் நலம். கூடுவது பிள்ளைகளை ஏற்றிவிடுவதற்கே, வேலி கட்டுவதற்கன்று.

இனி, தமிழ்நாட்டோடு உள்ள மெய்யான தொடர்புக்கு வருகின்றேன். ஹேச்சோவின் ஆசிரியர் யார்? வச்சிரபோதி என்னும் பௌத்தப் பேராசிரியர். அவர் பிறப்பைச் சீன நூல்கள் இருவகையாகக் கூறும். ஒருவகை அவரைத் தென்னாட்டு மலைய நாட்டினர் என்றும், காஞ்சி மன்னனின் குருவாயிருந்த அந்தணரின் மகன் என்றும் கூறும். மற்றொன்று வடநாட்டு அரசகுலத்தினர் என்றும், தென்னாட்டரசனின் சேனாபதியால் அனுப்பப்பெற்றவர் என்றும் கூறும். எவ்வாறாயினும் அவர் காஞ்சியில் வாழ்ந்து, இலங்கை வழியாகவும் சுமத்திராவின் சிரீவிசயம் வழியாகவும் கப்பலிற் சென்று 719-720-ஆம் ஆண்டுகளிற் சீனம் சேர்ந்தார். அக்காலத்திற் காஞ்சியில் ஆண்டவன், கைலாசநாதர் கோயில் எடுத்த பல்லவன் இராசசிம்மன். அவன் 720-இற் சீனப் பேரரசனுக்குத் தூதனுப்பிய செய்தி சீன வரலாற்றில் அவன் பெயரோடு பதிந்துள்ளது.

ஹேச்சோ யாத்திரை முடித்துச் சீனத் தலைநகர் சேர்ந்த பின், 733 முதல் எட்டாண்டுகள் வச்சிரபோதியின் அடியமர்ந்து பாடம் கேட்டார். 741-இல் ஆசிரியர் மறைந்தார். பின்னர் அவர்தம் மாணவர் அமோகவச்சிரர் 774-இல் எழுதிய இறுதி முறியில், கலையை முற்றக் கற்ற ஆறு மாணவரைப் பெயர் சொல்லிக் குறிக்குமிடத்துச் 'சில்லா நாட்டு ஹேச்சோ' என்றும் குறித்தார். அரசகுமாரி வந்தாள் என்பதற்குக் கதை ஒன்றே சான்று. காஞ்சியிலிருந்து சென்ற ஆசிரியரிடம் கொரிய மாணவர் கற்றார் என்பதற்கு அக்காலத்து எழுத்தே சான்று. இரத்தத்தால் வந்த உறவை நிறுவ முடியவில்லை. கல்வியால் வந்த உறவு ஐயமின்றி நிற்கின்றது. நம் முன்னோர் ஆசானையும் தந்தையின் வரிசையில் வைத்தனர் அல்லரோ? ஆதலின் இவ்வுறவு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று.

ஹேச்சோ தாயகம் திரும்பவில்லை. 780-இல் ஊதாய் மலைக்குச் சென்று அங்கேயே மறைந்தார். அவர் நூலும் மறைந்தது. 1908-இற் பெலியோ என்னும் பிரெஞ்சு அறிஞர் சீனத்தின் மேலைக்கோடியிலுள்ள துன்ஹுவாங் குகை ஏடுகளிடையே முதலும் முடிவும் சிதைந்த சுருள் ஒன்றைக் கண்டார். நூற்பெயரில்லை, ஆசிரியர் பெயரில்லை. அது யாருடையது என்று அவர் எவ்வாறு அறிந்தார்? காசுகர் நாட்டில் தோன்றிய ஹுயிலின் என்னும் துறவி முற்காலத்திற் செய்த அருஞ்சொல் அகராதியில், ஹேச்சோவின் நூலிலுள்ள கடுஞ்சொற்களை வரிசையாக எடுத்துப் பொருள் எழுதியிருந்தார். அச்சொற்கள் இச்சுருளில் அதே வரிசையில் வந்தன. அதனால் நூல் விளங்கிற்று. 1915-இல் தகாகுசு என்னும் சப்பானிய அறிஞர், அவர் சில்லா நாட்டினர் என்று நிறுவினார். பாரிசு நகரத்து நூலகத்திலுள்ள அச்சுருள் 2010-இறுதியிற் கொரியத் தலைநகரிற் காட்சிக்கு வைக்கப்பெற்றது. ஆசிரியர் காண இயலாத தாயகத்தை அவர் ஏடு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்துக் கண்டது. நிகண்டும் அருஞ்சொற்பொருளும் எதற்கு என்று வினவும் மாணவர்க்கு இஃதொரு விடை.

கொரியர் பிறரிடம் பெற்றனர் என்று மட்டும் நினைத்தல் கூடாது. பெற்றதைத் தமதாக ஆக்கினர். 751-இற் கியோங்ஜுவை அடுத்த மலையிற் சொக்குராம் குகைக்கோயில் எடுக்கத் தொடங்கினர். இந்தியாவிற் பாறையைக் குடைந்து குகை செய்தனர். கொரிய நாட்டுக் கருங்கல்லோ மிகக் கடியது. ஆகவே அவர்கள் கற்களைத் தனித்தனியே செதுக்கி, வளைவு மாடமாக அடுக்கி, மேலே மண்ணிட்டு மூடிக் குகையாக்கினர். கருத்து வந்தது, செய்முறை அவர்களுடையது.

ஒன்பதாம் நூற்றாண்டு அராபிய நிலநூலார் இபின் குர்தாத்பிகு, பொன் மிகுந்த சில்லா நாட்டிற்குச் சென்ற முசுலிம்கள் அந்நாட்டின் இனிமையால் அங்கேயே தங்கிவிடுவர் என்று எழுதினார். 1024-இலும் 1025-இலும் அராபிய வணிகர் நூற்றுவர் நூற்றுவராகக் கொர்யோவுக்கு வந்ததை அந்நாட்டு வரலாறு பதிந்துள்ளது. 1326-இல் தியானபத்திரர் என்னும் இந்தியத் துறவி அங்குச் சென்று ஏறக்குறைய மூன்றாண்டு தங்கி அறமுரைத்தார்.

இறுதியாக ஒன்று, இலக்கணம் கற்ற எனக்கு இஃது எல்லாவற்றினும் இனியது. கொரிய மன்னன் செஜோங் 1443-இல் தன் மொழிக்கு இருபத்தெட்டு எழுத்துக்களை வகுத்து 1446-இல் வெளியிட்டான். சீன எழுத்தைக் கற்க இயலாத எளிய மக்களும் தம் எண்ணத்தை எழுத வேண்டும் என்பதே அவன் நோக்கம். அவ்வெழுத்துக்கு அக்காலத்திலே எழுதிய விளக்கநூல் 1940-இற் கண்டெடுக்கப்பெற்றது. ககர எழுத்து நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவு. நகர எழுத்து நா மேலே பொருந்தும் வடிவு. மகர எழுத்து வாயின் வடிவு என்று அது கூறுகின்றது. ஒலிகளைப் பல், நா, இதழ், தொண்டை எனப் பிறப்பிடத்தால் வகுக்கும் முறையைச் சீனர் வளர்த்தற்கு, பௌத்தத் துறவியர் கொணர்ந்த இந்திய எழுத்துநூல் துணையாயிற்று. சீனரிடம் அதனைக் கொரியர் கற்றனர். தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் பயின்றவர்க்கு அவ்வாராய்ச்சி அயலானதாகத் தோன்றாது. ஆயினும் கொரியர் செய்தது வெறும் படியன்று. பிறக்கும் இடத்தையே எழுத்தின் உருவாக்கியது அவர்களின் தனியறிவு. அறிஞர் சிலர் 1444-இல் அதனை எதிர்த்தனர், மன்னன் தளரவில்லை.

அன்பர்களே! 'எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று' என்று சொல்வோர் கற்பதை நிறுத்திவிடுவர். 'நம்மிடம் ஒன்றுமில்லை' என்று சொல்வோர் கற்பிப்பதை நிறுத்திவிடுவர். இவ்விரண்டும் வேண்டா. காஞ்சியிலிருந்து ஓர் ஆசிரியர் சென்றார். சில்லாவிலிருந்து ஒரு மாணவர் வந்தார். காசுகர் நாட்டார் சொற்பொருள் எழுதினார். எவரும் எவர் குலத்தையும் வினவிப் பாடம் நடத்தவில்லை. நம் பிள்ளைகள் கொரிய நாட்டின்மேற் கொண்ட ஆர்வத்தை யான் தடுக்கவில்லை. அவ்வார்வம் அந்நாட்டின் மொழியையும் நூலையும் முறையாகக் கற்பதாக வளரட்டும் என்கின்றேன். நாலந்தாவில் மரத்தடியில் எழுதிய ஹேயோப்பைப் போல, போகும் இடமெல்லாம் ஒரு நல்ல வரியாவது எழுதி வைக்கும் தகுதியுடையவர்களாக அவர்களை ஆக்குவது நம் கடமை. அதற்கு வேண்டும் பொருளையும் உழைப்பையும் இச்சங்கத்தார் மனமுவந்து தருவார்கள் என்று நம்புகின்றேன்.